தண்ணி பீச்சுதான்னு பாருங்க! படகு எஞ்சின் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், எஞ்சின் ஹீட் ஆகுது, தண்ணி சரியா வரல, இம்பெல்லர் (எஞ்சின ஆத்துற தண்ணிய இழுத்துத் தள்ளுற ரப்பர் சக்கரம்) மாத்தியும் சூடு நிக்கல. அதனால இந்தத் தடவ மத்த கேள்விய எல்லாம் அடுத்த மாசத்துக்கு வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே வணக்கம். நம்மளுது ஃபைபர் போட், 9.9 குதிரத்திறன் அவுட்போர்டு (பின்னாடி மாட்டுற மோட்டார்), வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது. போன வாரம் முகத்துவாரம் தாண்டி அரை மணி நேரம் போயிருப்போம், பெயிண்ட் கருகுற மாதிரி வாசன வந்துச்சு, எஞ்சின் சவுண்டே மாறிப்போச்சு, பின்னாடி பாத்தா பீச்சுற தண்ணி நூல் மாதிரி வருது. ஆஃப் பண்ணிட்டு இன்னொரு போட்டுல கயிறு கட்டி கரைக்கு வந்தோம். இம்பெல்லர் போயிருக்கும், கீழ்ப்பாகத்த கழட்டணும்னு சொல்றாங்க. நானும் என் தம்பியும் சேர்ந்து நாங்களே மாத்திக்கலாமா? என்னென்ன பாக்கணும்?
(தாழங்குப்பம், எண்ணூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க ஆஃப் பண்ணீங்க பாருங்க, அதுதான் உங்க எஞ்சின காப்பாத்துச்சு. நிறைய பேரு "இன்னும் கொஞ்ச தூரம்தான, கரைக்குப் போயி பாத்துக்கலாம்"னு ஓட்டிடுவாங்க, அந்தக் கொஞ்ச தூரத்துலதான் பிஸ்டன் சிலிண்டர்ல உரசி கோடு விழும், அப்புறம் எஞ்சினையே பிரிச்சு போர் பண்ணி ரிங்கு மாத்துற வேல வந்துடும். மண்ணெண்ணெய்ல ஓட்டுற எஞ்சின்னா சூடு ஏறினதும் இன்னும் சீக்கிரமா தட்ட ஆரம்பிச்சுடும். நிறுத்தினதும் மூடியத் திறந்து வெச்சு தானா ஆற விடணும், அவசரத்துல கடல் தண்ணிய மொண்டு ஹெட்டு மேல ஊத்திடாதீங்க, சூடா இருக்கிற அலுமினியம் ஒரு பக்கம் மட்டும் சட்டுனு ஆறினா வளஞ்சுடும், வெடிப்பும் விழும்.

நீங்களே மாத்தலாம், தாராளமா மாத்தலாம். ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி, தப்பு இம்பெல்லர்லதானான்னு பாத்துடுங்க. தண்ணி பீச்சுற ஓட்ட இருக்கே, அதுக்குள்ள தடிமனான தூண்டில் நரம்பு ஒரு துண்டு விட்டு ஆட்டிப் பாருங்க, உப்பு கட்டி அடச்சிருக்கும், சில நேரம் குளவி மண்ணு வெச்சு கூடே கட்டியிருக்கும். ஓட்ட அடச்சிருந்தா தண்ணி நூல் மாதிரி வந்தாலும் எஞ்சின் சூடாகாது, அதுதான் அடையாளம். உங்களுக்கு கருகுற வாசனையே வந்துடுச்சுன்னா அது வெறும் ஓட்ட அடப்பு இல்ல. அடுத்தது கீழ ப்ரொப்பெல்லருக்கு மேல ரெண்டு பக்கமும் சல்லட மாதிரி இருக்கும் பாருங்க, தண்ணி உள்ள போற வழி, அதுல கேரி பேக் ஒட்டியிருக்கான்னு பாருங்க. நம்ம பக்கம் மழ பெஞ்சு ஆறு குப்பையெல்லாம் அள்ளிட்டு வர்ற மாசங்கள்ல இது ரொம்ப சகஜம். இந்த ரெண்டும் சுத்தமா இருந்தா அப்ப கீழ்ப்பாகத்த எறக்கலாம்.

இம்பெல்லர்னா என்னன்னு ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா மாத்துறது தானா வந்துடும். அது ஒரு ரப்பர் சக்கரம், சுத்தி ஆறு இதழ் இருக்கும், சிலதுல அதுக்கும் மேல. அது உக்காந்திருக்கிற ஸ்டீல் கப்புக்கு நடுவுல ஷாஃப்டு இருக்காது, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். அதனால சுத்தும்போது ஒரு பக்கம் இதழ் நல்லா விரியும், மறுபக்கம் மடங்கும். விரியுற எடத்துல தண்ணிய இழுக்கும், மடங்குற எடத்துல மேல தள்ளும், அவ்வளவுதான் விஷயம். ரப்பர் ஸ்டீல்ல உரசிக்கிட்டே சுத்துது, நடுவுல இருக்கிற தண்ணிதான் அதுக்கு எண்ணெய் மாதிரி. தண்ணி இல்லாம சுத்தினா சில செகண்டுலயே ரப்பர் சூடாகி முனை கருக ஆரம்பிக்கும், ஒரு நிமிஷம் ஓடினா போச்சு. எண்ணூர்ல உங்களுக்கு இன்னொரு தொல்ல இருக்கு, முகத்துவாரத்துல மண்ணு மேடு போட்டிருக்கும், வத்தத்துல தாண்டும்போது ப்ரொப்பெல்லர் மண்ண கெளப்பும், அந்த மண்ணையெல்லாம் பம்ப் உறிஞ்சுக்கும். ரெண்டு வருஷமா ஒரு தடவ கூட திறக்கலன்னா உங்க கப்பு உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி இருக்கும்னு நெனைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின மரக்கட்ட ஸ்டாண்டுல நேரா நிக்க வெச்சு இறுக்குங்க, மணல்ல படுக்க வெச்சு செய்யாதீங்க. பிளக் வயரப் புடுங்கி விடுங்க, ஸ்டாப் சுவிட்ச் கயித்தயும் எடுத்துடுங்க, ஏன்னா கை உள்ள இருக்கும்போது ப்ரொப்பெல்லர திருப்பினா எஞ்சின் ஒரு ஒத புடிச்சாலும் விரல் போயிடும். கீழ ஒரு பழைய வெள்ள வேட்டிய விரிச்சுக்கோங்க, அது ஏன்னு பின்னால சொல்றேன்.

கியர் கம்பி எங்க இணையுதுன்னு பாருங்க, மாடலுக்கு மாடல் இது மாறும், சிலதுல ஒரு நீட்டு நட்டும் லாக் நட்டும் இருக்கும், சிலதுல பின் இருக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்துடுங்க, நட்டு எத்தன மரை ஏறி இருக்குன்னு எண்ணி பேப்பர்ல எழுதிடுங்க. அப்புறம் கீழ்ப்பாகத்தப் புடிச்சிருக்கிற போல்ட்டுங்க. உப்புல இறுகிப்போயி அசையாது, அசையலன்னு பைப்பு மாட்டி முறுக்கினா போல்ட்டு தல துண்டாயிடும், துண்டான போல்ட்ட எடுக்கிறது இம்பெல்லர் மாத்துறத விட பத்து மடங்கு வேல. முந்தின நாள் ராத்திரியே துரு விடுற ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க, காலையில கொஞ்சம் இறுக்குற பக்கம் அசைச்சு, அப்புறம் கழட்டுற பக்கம், திரும்ப இறுக்குற பக்கம், இப்படி ஆட்டி ஆட்டி எடுங்க. போல்ட்டெல்லாம் வந்த பிறகும் கீழ்ப்பாகம் எறங்கலன்னா மரச் சுத்தியில சுத்தி சுத்தித் தட்டுங்க, நடுவுல ஸ்க்ரூ டிரைவர அடிச்சு நெம்பாதீங்க, அலுமினியம் ஓரம் ஒடஞ்சுடும்.

எறக்கினதும் மேல நீட்டா ஷாஃப்டு நிக்கும், அதுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெரும்பாலும் நாலு போல்ட்டு, அதுதான் வாட்டர் பம்ப். அதத் தூக்கினா இம்பெல்லர் கப்புக்குள்ள வரும் இல்லன்னா ஷாஃப்டுலயே இருக்கும். இப்ப வேட்டி விஷயம். இம்பெல்லருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல அரை வட்டமா ஒரு சின்ன சாவி இருக்கும், நகம் சைஸுதான், இம்பெல்லர மேல இழுக்கும்போது அது டக்குனு கீழ விழும். மணல்ல விழுந்தா கெடைக்காது தம்பி, அந்தச் சாவி இல்லாம போட்டா ஷாஃப்டு சுத்தும் இம்பெல்லர் சுத்தாது.

பழச கையில எடுத்து நிதானமா பாருங்க. இதழோட வேர்ல வெடிப்பு இருக்கா, முனை தேஞ்சிருக்கா, ஒரு பக்கமாவே மடிஞ்சு நின்னுடுச்சா, ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சா. இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது, நடுவுல இருக்கிற உலோக புஷ்ஷுல இருந்து ரப்பர் விட்டுப்போயிருக்கும், பாக்க இதழெல்லாம் புதுசு மாதிரி இருக்கும் ஆனா உள்ள வழுக்கிக்கிட்டே இருக்கும். புஷ்ஷ ஒரு கையில அழுத்திப் புடிச்சுக்கிட்டு ரப்பர முறுக்கிப் பாருங்க, தனியா சுத்தினா அதுதான் குத்தவாளி.

ஸ்டீல் கப்பையும் அடித்தகட்டையும் நகத்தால கீறிப் பாருங்க. நகம் மாட்டுற அளவுக்குக் கோடு இருந்தா அதையும் மாத்திடுங்க. வெறும் இம்பெல்லர் மட்டும் வாங்காம கப்பு, தகடு, பேக்கிங், சாவி எல்லாம் சேர்ந்த கிட்டா வாங்குறது நல்லதுன்னு நான் எப்பவும் சொல்றது இதுக்குத்தான், தேஞ்ச கப்புல புது ரப்பர் போட்டா ஓரமா தண்ணி திரும்பிப் போயிடும், பீச்சுறது கொஞ்சம் பரவால்லன்னு தெரியும், ரெண்டு மாசத்துல திரும்ப நிப்பீங்க.

அடுத்தது, உடஞ்ச இதழ் எங்க போச்சு? பழைய இம்பெல்லர்ல ஆறு இதழ் இருக்கணும், நாலுதான் இருக்குன்னா மீதி ரெண்டு எஞ்சினுக்குள்ளதான் எங்கயோ ஒக்காந்திருக்கு. தண்ணி போன வழியிலயே அதுவும் போயிருக்கும், மேல போற பைப்புல, இல்லன்னா தெர்மோஸ்டாட்டு (சூட்டுக்கு ஏத்தபடி தண்ணி வழியத் திறந்து மூடுற வால்வு) வாயில. கெடைச்ச துண்டெல்லாம் வேட்டி மேல வெச்சு பழைய இம்பெல்லரோட ஒட்டிப் பாருங்க, ஒரு இதழ் முழுசா வர்ற வரைக்கும் தேடுங்க. மேல போற பைப்புக்குள்ள ஹோஸ் வெச்சு தண்ணி அடிங்க, தெர்மோஸ்டாட்டு மூடியக் கழட்டி மேல இருந்து கீழ எதிர்ப்பக்கமாவும் அடிங்க. தெர்மோஸ்டாட்ட எடுத்த கையோட ஒரு பாத்திரத்துல தண்ணி சுட வெச்சு நூல்ல கட்டித் தொங்க விட்டுப் பாருங்க, அவுட்போர்டுல சுமார் 50ல இருந்து 60 டிகிரிக்குள்ள திறக்க ஆரம்பிச்சுடணும், தண்ணி கொதிச்சும் திறக்கலன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. தெர்மோஸ்டாட்டே இல்லாம ஓட்டலாம்னு சில பேரு சொல்வாங்க, வேணாம், எஞ்சின் சூடே ஏறாம ஓடினா எண்ணெய் சரியா எரியாம கரி கட்டும்.

மாட்டுறது. இதழுக்கு கொஞ்சம் சோப்புத் தண்ணி இல்ல கிளிசரின் தடவுங்க, முதல் சில சுத்து காஞ்சு ஓடாம இருக்கும். சாவிய கிரீஸ் ஒட்டி அதோட குழியில வெச்சு இம்பெல்லர எறக்குங்க. அப்புறம் பம்ப் பெட்டிய மேல இருந்து அழுத்திக்கிட்டே ஷாஃப்ட கடிகார முள்ளு சுத்துற பக்கம், மேல இருந்து பாத்தபடி, மெதுவா சுத்துங்க, இதழெல்லாம் வரிசையா மடிஞ்சு தானா உள்ள போகும். எதிர்ப்பக்கம் சுத்திடாதீங்க. போல்ட்டுக்கு கிரீஸ் தடவி எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, பிளாஸ்டிக்கும் அலுமினியமும்தான் அது, உயிரு போற மாதிரி இறுக்க வேணாம்.

இப்ப கீழ்ப்பாகத்த மேல ஏத்தணும், இந்த எடத்துலதான் நான் ஒரு தடவ தப்பு பண்ணேன். வேலைக்கு வந்த புதுசு, காசிமேட்டுல ஒருத்தர் எஞ்சினுக்கு புது இம்பெல்லர் போட்டு ஏத்தினேன், மேல இருந்து வர்ற தண்ணி பைப்பு பம்ப் மேல இருக்கிற ரப்பர் வாய்க்குள்ள போகாம பக்கத்துல நின்னுடுச்சு, நான் கவனிக்கல. டிரம்முல ஓட்டினப்ப லேசா பீச்சுச்சு, சரின்னு அனுப்பிட்டேன். அவரு கடலுக்குப் போயி எஞ்சின் புடிச்சுக்கிச்சு, ராத்திரி முழுக்க அலையில ஆடிக்கிட்டு நங்கூரம் போட்டு இருந்துட்டு விடியும்போதுதான் இன்னொரு போட்டு இழுத்துட்டு வந்துச்சு. அவங்க வீட்டம்மா கரையில நின்ன நெலம இன்னும் எனக்குக் கண்ணுலயே நிக்குது. அதனால டார்ச்சு அடிச்சுப் பாருங்க, ஒருத்தர் கீழ இருந்து ஏத்தணும் ஒருத்தர் குனிஞ்சு பைப்பு ரப்பர் வாய்க்குள்ள போகுதான்னு கண்ணால பாக்கணும், ரெண்டு பேரு இல்லாம இந்த எடத்த செய்யாதீங்க. ஷாஃப்டு பல்லு மேல போயி சேரலன்னா கியர் போட்டுக்கிட்டு ப்ரொப்பெல்லர லேசா திருப்பினா உக்காந்துடும், பலவந்தமா தட்ட வேணாம். பல்லுக்குப் பக்கவாட்டுல கிரீஸ் வைங்க, ஷாஃப்டோட தல மேல வைக்காதீங்க, கிரீஸ் மாட்டிக்கிட்டு முழுசா உக்கார விடாது.

கடைசியா பெரிய டிரம்முல தண்ணி நெறப்பி ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கிற பட்டத் தகடு நல்லா முழுகுற அளவுக்கு எஞ்சின எறக்கி ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து இருவது செகண்டுக்குள்ள நல்லா தடிமனா பீச்சணும். வரலன்னா உடனே ஆஃப், திரும்ப கழட்டு. முன்னாடி, நியூட்ரல், பின்னாடி மூணு கியரும் விழுதான்னும் பாருங்க. இன்னொரு விஷயம், ஒரு தடவ சூடாகி வாசன வந்த எஞ்சின், பிளக்க கழட்டிப் பாருங்க, தண்ணி ஈரமோ வெள்ளையா ஆவி வந்த அடையாளமோ இருந்தா ஹெட்டு பேக்கிங் போயிருக்கு, அத ஒரு மெக்கானிக்குட்ட காட்டிட்டு அப்புறமா கடலுக்குப் போங்க.

எத்தன நாளுக்கு ஒரு தடவ மாத்தணும்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எஞ்சினோட வந்த புக்குல போட்டிருக்கிறதுதான் முதல் கணக்கு. பொதுவா 200ல இருந்து 300 மணி நேரம் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவன்னு வெச்சுக்கோங்க. அத கேட்டதும் வருஷம் ஒரு தடவ போதும்னு எடுத்துக்கிறாங்க. தெனம் நாலு மணி நேரம் ஓட்டினா மாசம் 25 நாளைக்கு 100 மணி, மூணு மாசத்துல 300. உங்க மாதிரி மண்ணு மேடு தாண்டுறவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ திறந்தாவது பாத்துடுங்க.

கேள்வி: இம்பெல்லர் ஒரு பக்கமா மடிஞ்சிருந்தா திருப்பிப் போட்டு இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்னு சொல்றாங்களே, சரியா?
(நெட்டுக்குப்பம் வாசகர்)

பதில்: கூடாதுங்க. ஒரு பக்கமா மடிஞ்சு பழகின ரப்பர எதிர்ப்பக்கம் மடிச்சா வேர்ல வெடிச்சு சீக்கிரமே பிச்சுக்கும், அந்தத் துண்டு உள்ள போயி அடைக்கும். நடுக்கடல்ல வேற வழியே இல்லாம கரைக்கு வர்றதுக்கு மட்டும்னா பழசயே அதே பக்கமா போட்டுட்டு மெதுவா வாங்க. மத்தபடி பழச தூக்கிப் போட்டுடுங்க.

கேள்வி: ஐயா, காசிமேடுல எங்களுக்கு ஒரு லாஞ்சு (பெரிய விசைப்படகு) இருக்கு, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். போன ட்ரிப்புல ஹீட் மீட்டர் ஏறிச்சு. ரேடியேட்டர் தண்ணி ஃபுல்லா இருக்கு, பெல்ட்டு நல்லா இருக்கு. கடல் தண்ணி பம்ப் இம்பெல்லர் ரெண்டு இதழ் போயிருந்துச்சு, புதுசு போட்டோம். இப்ப எக்ஸாஸ்ட்டு பக்கம் தண்ணி வருது ஆனா முன்ன மாதிரி இல்ல, லோடுல ஓட்டினா திரும்ப சூடு ஏறுது. பம்ப்பையே மாத்தணுமா?
(காசிமேடு வாசகர்)

பதில்: மேல தாழங்குப்பம் தம்பிக்கு சொன்ன அதே கேள்விதான் உங்களுக்கும், அந்த ரெண்டு இதழ் எங்க? நீங்க கடிதத்துல அத எடுத்ததா எழுதவே இல்ல. பம்ப் மாத்துறதுக்கு முன்னாடி அதத் தேடுங்க, எனக்கு என்னவோ பிரச்சன அங்கதான்னு தோணுது.

உங்க எஞ்சின்ல ரெண்டு தண்ணி ஓடுது, ஒண்ணு உள்ளயே சுத்துற நல்ல தண்ணி, நீங்க ரேடியேட்டர் தண்ணின்னு சொல்றது, இன்னொண்ணு வெளிய இருந்து எடுத்து வெளியவே விடுற கடல் தண்ணி. நல்ல தண்ணியோட சூட்ட கடல் தண்ணி வாங்கிக்கிட்டுப் போற எடம்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர், உள்ள மெல்லிசா நிறைய குழாய் கட்டு இருக்கும். பம்புக்கு அடுத்து கடல் தண்ணி எங்க போகுதுன்னு ஹோஸ கையால புடிச்சுக்கிட்டே போங்க, சில எஞ்சின்ல கியர் ஆயில் கூலருக்குப் போயிட்டு அப்புறம் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும். பம்புக்கு அப்புறம் முதல்ல எந்தக் குழாய் கட்டு வருதோ அதோட வாயில உங்க ரப்பர் துண்டு குறுக்க ஒட்டிக்கிட்டு நிக்கும். பக்க மூடியக் கழட்டினா கண்ணுலயே தெரியும். வெறும் துண்டு மட்டும் இருக்காது, சிப்பி ஓடு, உப்புக் கட்டி, நைலான் வல நூலு எல்லாம் இருக்கும். மெல்லிசான மரக்குச்சியால குத்தி எடுங்க, கம்பியால குத்தி குழாய ஓட்ட பண்ணிடாதீங்க, ஓட்டையானா கடல் தண்ணி நல்ல தண்ணியில கலந்துடும்.

அதே வேலையா பம்ப்பையும் ஒரு தடவ திறங்க. திறக்கிறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற கடல் வால்வ மூடணும், மூடினதும் எஞ்சின் சாவிய எடுத்து அந்த வால்வுலயே கயிறு கட்டித் தொங்க விட்டுடுங்க. வேல முடிஞ்சு ஸ்டார்ட் பண்ண சாவியத் தேடி வரும்போது வால்வு ஞாபகத்துக்கு வரும், இல்லன்னா மூடின வால்வோட ஸ்டார்ட் பண்ணி புது இம்பெல்லர அங்கயே கருக்கிடுவோம். மூடித் தகட்டு உள்பக்கம் வட்டமா தேஞ்சிருந்தா தண்ணி தள்ளுற பலம் கொறஞ்சுடும், அவசரத்துக்கு தகட்டத் திருப்பிப் போட்டு ஓட்டலாம், எழுத்து பொறிச்ச பக்கம் உள்ள வராத மாதிரி இருந்தா மட்டும். இம்பெல்லர எடுக்க ரெண்டு ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்புறவங்கதான் அதிகம், பித்தள ஓரத்துல கீறல் விழாம அடியில துணி வெச்சு நெம்புங்க, புல்லர் (இழுத்து எடுக்கிற கருவி) இருந்தா ரொம்ப நல்லது. புதுசு போடும்போது பழசு எந்தப் பக்கம் மடிஞ்சிருந்துச்சோ அதே பக்கம்.

பம்ப் உடம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்ட இருக்கும், அதுல தண்ணி சொட்டுதான்னு பாருங்க. சொட்டினா சீல் போயிடுச்சுன்னு பம்ப் நம்மகிட்ட சொல்லுதுன்னு அர்த்தம். சில பேரு சொட்டுதுன்னு அந்த ஓட்டைய எம்சீல் வெச்சு அடச்சுடுறாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, வெளிய போக வேண்டிய உப்புத் தண்ணி எஞ்சின் பக்கம் போயி ஆயில்ல கலக்கும், ஆயில் பால் காப்பி மாதிரி வந்தா அதுக்கப்புறம் செலவுக்கு அளவே இல்ல. இந்த எல்லாம் பாத்துட்டும் சூடு ஏறுதுன்னா அப்ப பம்ப் மாத்துறதப் பத்திப் பேசலாம், பழைய பம்ப்ப எடைக்குப் போட்டுடாம வெச்சுக்கிட்டு எழுதுங்க.

லாஞ்சுக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப எஞ்சின் சும்மா நிக்கும். பம்ப்புக்குள்ள இருக்கிற இம்பெல்லர்ல ரெண்டு இதழ் மடிஞ்ச நெலமையிலயே ரெண்டு மாசம் நின்னா அப்படியே விறைச்சுக்கும். தடைக்காலம் ஆரம்பிச்சதும் இம்பெல்லர கழட்டி நல்ல தண்ணியில அலசி நெழல்ல வெச்சுடுங்க, ஸ்டியரிங்ல "இம்பெல்லர் இல்ல"ன்னு பெருசா எழுதி அட்டயக் கட்டிடுங்க. ஜூன்ல புதுசா ஒண்ணு போட்டுட்டு பழசு நல்லா இருந்தா ஸ்பேரா படகுலயே வெச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரருக்கு கால்ல ஆபரேஷன் ஆகி நாலு மாசமா கடலுக்குப் போகல. மோட்டார் வீட்டு வாசல்ல ஸ்டாண்டுல நிக்குது. பக்கத்துல ஒருத்தரு "தெனம் ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடும்மா, இல்லன்னா எஞ்சின் புடிச்சுக்கும்"னு சொன்னாரு, என் பையன் பத்து நாளா அப்படியே பண்ணிட்டு இருக்கான். தண்ணி டிரம்மு எதுவும் வெக்கல. சரிதானான்னு இவருக்கு சந்தேகம், உங்களுக்கு எழுதச் சொன்னாரு.
(திருவொற்றியூர் வாசகி)

பதில்: தங்கச்சி, இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. சொன்னவரு நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, பையனும் அப்பா மோட்டார் கெட்டுடக் கூடாதுன்னுதான செஞ்சிருக்கான், அவனத் திட்டாதீங்க. ஆனா தண்ணி இல்லாம பத்து நாள் பத்து நிமிஷம் ஓடியிருக்கு, அந்த இம்பெல்லர் இருக்காதுன்னே வெச்சுக்கோங்க. எஞ்சின் மேல்பாகத்துக்கு பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது, ஒரு நிமிஷம்ங்கிறதால முழுசா சூடு ஏறியிருக்காது.

உங்க வீட்டுக்காரர் திரும்ப கடலுக்குப் போறதுக்கு முன்னாடி இம்பெல்லர் கிட்டு மாத்தியே ஆகணும், மாத்தாம "ஸ்டார்ட் ஆகுதே"ன்னு நம்பி கடல்ல எறக்கக் கூடாது. அது வரைக்கும் செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. பிளக்க கழட்டி உள்ள ரெண்டு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டர் கயித்த மெதுவா ரெண்டு மூணு தடவ இழுத்து விடுங்க, அப்புறம் பிளக்க மாட்டி மூடிடுங்க. டேங்க்ல இருக்கிற பழைய எண்ணெய வடிச்சுடுங்க. நேரா நிக்க வெச்சிருக்கீங்க, அது நல்லது, உள்ள இருக்கிற தண்ணி தானா வடிஞ்சிருக்கும். மேல ஒரு காட்டன் துணி போதும், பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டினா உப்புக் காத்துல உள்ள ஈரம் தேங்கி துரு ஏறும்.

கால் ஆறினதும் அவர இம்பெல்லர் மாத்துறப்ப பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு ஒக்கார வெச்சு, பையன் கையால மாத்தச் சொல்லுங்க. மேல தாழங்குப்பம் தம்பிக்கு எழுதினத அவன் ரெண்டு தடவ படிச்சாப் போதும்.

கேள்வி: எண்ணூர் ஆத்துல எண்ணெய் கலந்தா அது இம்பெல்லர பாதிக்குமா? 2023ல எங்க போட்டுல அதுக்கப்புறம்தான் ரெண்டு தடவ போச்சு. சாம்பல் தண்ணியும் ஒரு காரணமா இருக்குமா?
(காட்டுக்குப்பம் வாசகர்)

பதில்: பாதிக்கும் அண்ணே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரம் வரைக்கும் கருப்பா மெதந்துச்சே, வலையும் போட்டும் கையும் எல்லாம் எண்ணெய், அதுக்கு முன்னாடி 2017 ஜனவரில காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதினப்பவும் எர்ணாவூர் பக்கம் கரையில வாளி வாளியா கையால அள்ளினாங்க. படகு எஞ்சின்ல வர்ற இம்பெல்லர் பெரும்பாலும் நியோப்ரீன் ரப்பர். அது உப்புத் தண்ணிக்கு நல்லது, லேசான எண்ணெயத் தாங்கும், ஆனா எண்ணெயிலயே ஊறினா உப்பும். உப்பின இதழ் கப்புல இறுக்கமா உரசும், சீக்கிரம் சூடாகும், வேர்ல விட்டுடும். உங்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு போச்சுன்னா அது காரணமா இருந்திருக்கலாம்.

நைட்ரைல் ரப்பர்ல செஞ்ச இம்பெல்லரும் சில பம்புக்குக் கெடைக்கும், எண்ணெய்க்கு அது நல்லா தாங்கும், ஆனா உங்க மாடலுக்கு சரியான சைஸு இருந்தா மட்டும் வாங்குங்க, கொஞ்சம் பெருசா இருக்கேன்னு சீவிப் போட்டு ஓட்டுறது வேணாம். அத விட முக்கியம், எண்ணெய்த் தண்ணியில ஓட்டிட்டு வந்தா அன்னைக்கே டிரம்முல நல்ல தண்ணி வெச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, டிரம்மு தண்ணியில எண்ணெய் மெதந்தா ஊத்திட்டு திரும்ப ஒரு தடவ.

சாம்பல் வேற மாதிரி. அனல் மின் நிலையத்துச் சாம்பல் ரொம்ப மெல்லிசான துகள், ரப்பர விட ஸ்டீல் கப்பையும் தகட்டையும்தான் அதிகமா தேய்க்கும். கொசஸ்தல ஆத்துல சாம்பல் படிஞ்ச எடத்துல ஆழம் கொறஞ்சு போச்சுன்னு உங்களுக்கே நல்லாத் தெரியும், எறா புடிக்க எறங்குனா கால் எவ்வளவு தூரம் புதையுதுன்னு நீங்க பாத்திருப்பீங்க. அந்த எடத்துல எஞ்சின எறக்கி ஓட்டினா பம்ப் தண்ணியோட சேர்த்து அந்தச் சேத்தையும் இழுக்கும். ஆழம் கொறஞ்ச எடம் வந்ததும் எஞ்சின தூக்கிட்டு கழி போட்டுத் தள்ளுங்க, கஷ்டம்தான், ஆனா போட்ட கிட்டு அதனால இன்னும் நிறைய நாள் உழைக்கும். அடுத்த தடவ திறக்கும்போது இம்பெல்லர் நல்லா இருந்து கப்பு மட்டும் தேஞ்சிருந்தா அது சாம்பல், இம்பெல்லர் உப்பிப்போயி கப்பு நல்லா இருந்தா அது எண்ணெய். ரெண்டையும் போட்டோ எடுத்து தேதி எழுதி வைங்க, ஆத்த பத்தி யாராவது விசாரிக்க வந்தா காட்டுறதுக்கு உங்க கையில ஒரு சாட்சி இருக்கும்.